'முழு கோர்ஸ்' பாடத்தை எடுத்துவிடச் சொல்வது யார்?

வார்டு சிஸ்டர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், "ஆன்டிபயாட்டிக்கை முழு கோர்ஸும் முடிக்கச் சொல்வது பழைய கதை, அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள்" என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இருபது வருடமாக நான் நோயாளியிடம் சொல்வது அதைத்தான், என் மாணவிகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நுண்ணுயிர் வாத்தியார்: எழுதியது நான்தான். கூடுதல் நாள் சாப்பிட்டால் எதிர்ப்பு, அதாவது கிருமி மருந்துக்கு அடங்காமல் போவது, குறையும் என்பதற்கு ஆதாரம் எங்கே? அத்தனை நாளும் குடலில் சும்மா இருக்கும் கிருமிகள் மீதும் மருந்து படுகிறது. எதிர்ப்பு மரபணு உள்ளவை பிழைத்துப் பெருகி, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாகப் பக்கத்துக் கிருமிக்கும் அதைக் கொடுக்கின்றன. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலேயே இதைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. நம் பாடத்தில்தான் இன்னும் ஏறவில்லை.

மருந்தாளுநர்: 1945இல் நோபல் உரையிலேயே ஃபிளெமிங் எச்சரித்தாரே, தொண்டை வலிக்குப் போதாத அளவு பென்சிலின் போட்டுக்கொண்டால் கிருமி பழகிவிடும் என்று. பென்சிலினைக் கண்டுபிடித்தவரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

நுண்ணுயிர் வாத்தியார்: போதாத அளவு! நீங்களே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அவர் பேசியது அளவைப் பற்றி, நாள் கணக்கைப் பற்றி அல்ல. பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு வழக்கமான காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் கிருமி இன்றும் பென்சிலினுக்கு அடங்குகிறது. அதற்குப் பத்து நாள் கொடுப்பதே பின்னால் இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கத்தான்.

வார்டு சிஸ்டர்: அப்போ காசநோய்? ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டவர்கள் எந்த நிலையில் திரும்பி வருகிறார்கள் என்று வார்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

நுண்ணுயிர் வாத்தியார்: காசநோய்க்கு முழு கோர்ஸ் கட்டாயம், அதை நான் எங்கே மறுத்தேன்? சாதாரண நிமோனியாவில் ஆள் தேறிவிட்டால் பெரும்பாலும் ஐந்து நாள் போதும். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

மருந்தாளுநர்: "போதும்" என்று நீங்கள் வகுப்பில் சொல்வீர்கள், காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை எடுத்துவைத்து அடுத்த சளிக்குச் சாப்பிடுபவர்களிடம் மாட்டிக்கொள்வது நான்.

இறுதியாண்டு மாணவன்: ஒன்று சொல்லலாமா? எங்களுக்கு இதற்கு இரண்டே வகுப்பு. பென்சிலின் வகை மருந்தைக் கிருமி உடைக்கப் பயன்படுத்தும் பீட்டா லாக்டமேஸ் நொதி பற்றி இரண்டு பக்கம் எழுதுவேன், ஆனால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது எந்த மருந்தை நிறுத்துவது என்று தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்ததையே வார்டில்தான் கேள்விப்பட்டேன்.

வார்டு சிஸ்டர்: தம்பி, ரிப்போர்ட் இருக்கட்டும், உங்கள் ரவுண்ட்ஸில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது எத்தனை டாக்டர்கள் கை கழுவுகிறார்கள்? எதிர்ப்புக் கிருமியைத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் கைகள்தான்.

இறுதியாண்டு மாணவன்: எல்லாப் பழியும் டாக்டர் தலையிலா சிஸ்டர்? கையுறையை மாற்றாமல் மூன்று பேருக்கு ஊசி போட்டவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

வார்டு சிஸ்டர்: என் வார்டில் அது நடக்காது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுங்கள்.

நுண்ணுயிர் வாத்தியார்: கையுறைச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது அப்படியே கிடக்கிறது. ஃபிளெமிங் சொன்னது அளவா, நாள் கணக்கா?

மருந்தாளுநர்: குறைந்த நாள் என்றால் மொத்த அளவும் குறைவுதானே!

நுண்ணுயிர் வாத்தியார்: இல்லை. ஒரு வேளைக்கான அளவு வேறு, நாள் வேறு. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

வார்டு சிஸ்டர்: நீங்கள் முப்பது முறை சொன்னாலும் நாளைக் காலை வகுப்பில் நான் "முடித்துவிடுங்கள்" என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.