பதில்: சிறுநீரக வடுவா, வேறு சொல்லா?

நண்பர்களுக்கு,

டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் என்பது கதிரியக்க மருந்து செலுத்திச் சிறுநீரகத்தைப் படமெடுக்கும் சோதனை. அதில் மருந்து ஏறாத இடமாகத் தெரியும் குறைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்வி, 'சிறுநீரக வடு' என்றே இந்த இழையில் முடிவாகிவிடும் போலிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. வடு என்பது புண் ஆறிய பிறகு நிற்பது. குழந்தைக்குக் காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இருக்கும்போதே எடுத்த படத்தில் ஆறியது எது, ஆறாதது எது?

நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தி, 2 முதல் 4 மணி நேரம் கழித்துப் படமெடுக்கிறார்கள். சிறுநீரகப் புறணியில், அதாவது அதன் வெளிப்பகுதியில், உள்ள நுண்குழல் செல்கள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொற்றால் வீங்கி ரத்த ஓட்டம் குறைந்த பகுதி பிடிக்காது. தழும்பேறிய பகுதியும் பிடிக்காது. படத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். சிறுநீரகத்தின் ஓரம் உள்ளே குழிந்திருந்தால் தழும்பு என்று ஊகிக்கலாம், ஆனால் அந்தக் குறி எப்போதும் கைகொடுப்பதில்லை. அதனால்தான் தொற்று தணிந்து 4 முதல் 6 மாதம் கழித்து இன்னொரு படம். பல குழந்தைகளுக்கு அதற்குள் குறை மறைந்தே போய்விடுகிறது. முதல் அறிக்கையிலேயே 'வடு' என்று எழுதிவிட்டால், மறைந்துபோகக்கூடிய ஒன்றை நினைத்து அந்தத் தாய் ஆறு மாதம் தூங்கமாட்டாள்.

குறைக்குக் 'கரும்புள்ளி' என்ற சொல்லும் ஆகாது. பல படங்களில் சிறுநீரகம்தான் கறுப்பு, குறை வெளிறித் தெரியும்.

என் முன்மொழிவு: மங்கிடம். மங்கு + இடம். கறுப்பில் வெளிறினாலும் வெளிச்சத்தில் இருண்டாலும் மங்கல் மங்கல்தான். அதைவிட முக்கியம், இது வினைத்தொகை. மங்கிய இடமா, மங்குகின்ற இடமா, இனி மங்கும் இடமா என்று சொல் காட்டிக்கொடுக்காது. முதல் படமும் அப்படித்தான், குறை பழையதா புதியதா என்று சொல்லாது. பிந்தைய படத்திலும் மங்கிடம் நிலைத்திருந்தால் அப்போது தாராளமாகத் தழும்பு என்போம்.

இழையில் வந்த இன்னொரு சொல்: சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கி மேலேறுவதற்கு ஒருவர் 'எதுக்களிப்பு' என்றிருந்தார். படித்ததும் சிரித்துவிட்டேன்; அது வாய்வரை வருவதாயிற்றே! 'பின்னோட்டம்' போதும். அதன் தீவிரத்தைச் சொல்லும் 1 முதல் 5 வரையான நிலைகளும் அதனோடு இயல்பாக ஒட்டும்: மூன்றாம் நிலைப் பின்னோட்டம்.

ஒரே வேண்டுகோள். ஓசைக்காக யாரும் 'மங்குமிடம்' என்று நீட்டிவிடாதீர்கள். அது பெயரெச்சம், காலம் உள்ளே வந்துவிடும்.