நீக்க மறுக்கும் எழுத்துருக்கள்; பழைய கட்டுரையும் கெட்டுவிட்டதா?

கேள்வி:
வணக்கம். என் கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. பல வருடங்களாகச் சேர்த்ததில் எழுத்துருக்கள் 700ஐத் தாண்டிவிட்டன. வேர்டில் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் எழுத வந்ததே மறந்துபோகிறது. நேற்று உட்கார்ந்து நீக்கத் தொடங்கினேன். பல போய்விட்டன. சில "பயன்பாட்டில் உள்ளது" என்று மறுக்கின்றன. சிலவற்றை நீக்க வழியே காணோம். இதற்கிடையில் பழைய கட்டுரை ஒன்றைத் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கிறது. பத்து வருட எழுத்து அது. தயவுசெய்து உதவுங்கள்.

பதில் 1:
கட்டுரை அப்படியேதான் இருக்கிறது, பதற வேண்டாம். ஆனால் நீக்குவதை இப்போதே நிறுத்துங்கள். பாமினி போன்ற, யூனிகோடு (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை) அல்லாத பழைய எழுத்துரு ஒன்று போயிருக்க வேண்டும். அவ்வகையில் தமிழ் என்பது தோற்றம் மட்டுமே. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. அது போனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது.

அந்தப் பகுதியில் சுட்டியை வைத்து, வேர்டின் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும். அதையே மீண்டும் நிறுவுங்கள்.

கேட்டவர்:
பாமினி என்றுதான் இருந்தது. பழைய பென்டிரைவில் கிடைத்தது, நிறுவினேன், கட்டுரை உயிர்பெற்றுவிட்டது! மிக்க நன்றி. அப்படியானால் பாமினியைக் காலமெல்லாம் வைத்திருக்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டுப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். இதில் அவசரப்பட்டு என் குறிப்பேடு ஒன்றை நான் இழந்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 2:
நீக்க முடியாதவை பற்றி: சேகோ யூஐ, மார்லெட் போன்றவை விண்டோஸ் தன் பட்டிகளையும் பொத்தான்களையும் காட்டப் பயன்படுத்துபவை. நிர்மலா யூஐ, விண்டோஸ் 8 முதல் தமிழைத் திரையில் காட்டுவது. இவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். லதா என்ற தமிழ் எழுத்துரு தேவையில்லை என்றால், அமைப்புகளில் "விருப்ப அம்சங்கள்" பகுதியில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்து நீக்கலாம்.

"பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால், கணினியை மறுதொடக்கம் செய்து, வேர்டையோ உலாவியையோ திறக்கும் முன்பே நீக்கிப் பாருங்கள். முன்னதாக எழுத்துருக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். உங்கள் கணக்கில் மட்டும் நிறுவியவை விண்டோஸின் பொது எழுத்துருக் கோப்புறையில் இருக்காது, உங்கள் பயனர் கோப்புறைக்குள் இருக்கும். அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
மறுதொடக்கத்துக்குப் பிறகு, மறுத்தவற்றில் இரண்டைத் தவிர எல்லாம் போய்விட்டன. அந்த இரண்டும் விண்டோஸுடையவை, இருக்கட்டும். பாமினிக் கோப்புகள் இன்னும் நாற்பது இருக்கின்றன. கடைசிக் கோப்பு மாறும்வரை பாமினியைத் தொடமாட்டேன்.