தேன்பெட்டி எடை: 8388607 என்ற எண்ணிலேயே நிற்கிறது, உதவவும்

அருமனைத் தேனீ: ரப்பர் துளிர்க்கும் தை, மாசியில் பெட்டியைத் திறந்து தேனீக்களைக் கலைக்காமல், தேன் ஏறுவதை வீட்டுக் கணினியில் எடையாகவே பார்க்கலாம் என்று 50 கிலோ வரை அளக்கும் லோடு செல் (எடை உணரி) ஒன்றும், அதன் சிக்னலை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகையும், அந்த எண்ணைக் கணினிக்கு அனுப்ப ஆர்டுயினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் வாங்கி இணைத்தேன். பெட்டியை ஏற்றினாலும் இறக்கினாலும் 8388607 என்றே வருகிறது. காலைக்குள் சரியாக வேண்டும்.

பனச்சமூட்டான்: லோடு செல்லில் எத்தனை வயர், எது எங்கே போகிறது என்று சொல்லுங்கள்.

குழித்துறை ரேடியோ: விலை குறைந்த நானோக்களில் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேச சிஎச்340 சிப் இருக்கும். கணினியில் அதன் டிரைவர் மென்பொருளை மீண்டும் நிறுவிப் பாருங்கள், எனக்கு அதில்தான் சரியானது.

பழைய ஈயம்: டிரைவர் இல்லையென்றால் எண்ணே வந்திருக்காது, தம்பி. 24 பிட் சிப் காட்டக்கூடிய உச்ச எண் 8388607, அதாவது உள்ளீடு வரம்பைத் தாண்டி நிற்கிறது. தரவுத்தாளைப் புரட்டாமல் கடையிலிருந்து நேரே இங்கே வந்துவிடுகிறார்கள். வயர் கணக்கு எங்கே?

அருமனைத் தேனீ: மூன்று வயர். எச்எக்ஸ்711 பலகையில் செல்லுக்கு மின்சாரம் தரும் முனைகள் ஈ, சிக்னல் வாங்கும் முனைகள் ஏ. சிவப்பு ஈ பிளஸ், கறுப்பு ஈ மைனஸ், வெள்ளை ஏ பிளஸ். ஏ மைனஸில் ஒன்றும் இல்லை.

களியல் அக்கா: தம்பி, எடையை அளக்க நான்கு ரெசிஸ்டர் சேர்ந்த 'பாலம்' என்ற சுற்று வேண்டும், மூன்று வயர் செல் அதில் பாதிப் பாலம் மட்டுமே. குளியலறை எடைமேடையில் மூலைக்கு ஒன்றாக நான்கு சேர்ந்துதான் முழுப் பாலமாகும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்தால், இந்த வகையில் பெரும்பாலும் இரண்டு வயர்களுக்கிடையே 2000 ஓம் அளவு காட்டும். அவை முனைகள், மிஞ்சுவது நடு வயர். முனைகளை ஈ பிளஸ், ஈ மைனஸிலும் நடு வயரை ஏ பிளஸிலும் கொடுத்துவிட்டு, 1000 ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக ஈ பிளஸுக்கும் ஈ மைனஸுக்கும் நடுவே இட்டு, அவை சேருமிடத்தை ஏ மைனஸில் கொடுங்கள். செல்லைப் பலகையில் தட்டையாக ஒட்டிவிடாதீர்கள். விளிம்பு மட்டும் சட்டத்தில் அமர்ந்து, நடு நாக்கு வளைய அடியில் இடம் இருக்க வேண்டும்.

குழித்துறை ரேடியோ: இத்தனை பாடுபடுவதற்குப் பழைய மின்னணுக் கடைத் தராசு ஒன்றை வாங்கி, அதன் ஆர்எஸ்232 என்ற பழைய வகை சீரியல் இணைப்பு வழியாகக் கணினியில் சேர்ப்பது எளிது.

பழைய ஈயம்: தராசு மழையில் நனையலாமா? அந்த ஆர்எஸ்232 வயரை யாராவது நேரே நானோவின் காலில் செருகினால் சிப் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழித்துறை ரேடியோ: நான் கணினி என்றேன், நானோ என்று சொல்லவில்லை. உங்கள் லோடு செல் மட்டும் வெயிலில் எண் நகராமல் நிற்குமா?

களியல் அக்கா: நகரத்தான் செய்யும். அதனால் தேனீக்கள் எல்லாம் அடைந்த பின், தினமும் இரவில் ஒரே நேரத்து எடையை மட்டும் ஒப்பிடுங்கள். மழை நனைத்த பெட்டிப் பலகையின் எடையைத் தேன் என்று எண்ணி மகிழ்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

அருமனைத் தேனீ: ரெசிஸ்டர் போட்டதும் எண் அசைகிறது. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்து அளவு திருத்தினேன். இன்னும் மூன்று செல் வாங்கப் போகிறேன். நன்றி, அக்கா.

பனச்சமூட்டான்: கடைசியில் எந்த நிறம் நடு வயர் என்று சொல்லாமலே போய்விட்டீர்களே?