மறு: மனிதர் மாற்றிய நிலத்தின் படங்களுக்கு ஒரு சொல் – 'திரிநிலம்'

நண்பர்களுக்கு வணக்கம்.

'லேண்ட்ஸ்கேப் ஃபோட்டோகிராஃபி'க்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில், 'இயற்கைக் காட்சி' வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போய்விட்டோம். 'நிலப்படம்' ஏற்கெனவே மேப்புக்கு வழங்குகிறது. பொதுச்சொல்லாக 'நிலக்காட்சி ஒளிப்படம்' இருக்கட்டும். எனக்குச் சிக்கல் அதற்குள் வரும் ஒரு வகையில்தான்.

1975இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸில் 'நியூ டோபோகிராஃபிக்ஸ்' ஒளிப்படக் கண்காட்சி நடந்தது. மனிதர் மாற்றிய நிலம் என்பதைத் துணைத்தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அதில் பங்கேற்ற லூயிஸ் பால்ட்ஸ், கலிஃபோர்னியாவின் இர்வைன் பக்கம் எழுந்த தொழிற்பேட்டைகளைப் படம் எடுத்தவர். வெற்றுச் சுவர், சாத்திய கதவு, முன்னால் கொஞ்சம் தரை, அவ்வளவுதான். பின்னால் வந்த ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் பர்டின்ஸ்கி 1996இல் கனடாவின் சட்பரியில் எடுத்த படத்தைப் பாருங்கள். கரிய நிலத்தின் நடுவே செக்கச்செவேலென்று ஓர் ஓடை வளைந்து போகும். எரிமலைக் குழம்போ என்று நினைப்போம். நிக்கல் பிரித்தபின் கொட்டிய கழிவில் இருக்கும் இரும்பு துருவேறிய நிறம் அது! படம் அழகாகவும் இருக்கிறது, அதனால்தான் மனத்தை இன்னும் உறுத்துகிறது. இதை வெறும் 'காட்சி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'திரிநிலம்' என்று வைக்கலாமா? முல்லையும் குறிஞ்சியும் 'முறைமையின் திரிந்து' பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். தன் இயல்பு கெட்ட நிலத்தைப் பேச நமக்குப் பழைய வினை ஒன்று இருக்கிறது. பால் திரிந்துவிட்டது என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். அப்புறம், இது வினைத்தொகை. திரிந்த நிலம், திரிகின்ற நிலம், திரியும் நிலம் என மூன்று காலமும் இதில் அடங்கும். முன்பு என்னவாக இருந்தது, இனி என்ன ஆகும் என்ற இரண்டு கேள்வியையும் இந்தப் படங்கள் சேர்த்தே கேட்கின்றன. அந்த இரண்டையும் தாங்கும் சொல் வேறு எனக்குக் கிடைக்கவில்லை.

---

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. 'திரி' என்றால் அலைதல் என்றும் படுமே என்பது சின்ன ஐயம், பழகினால் சரியாகிவிடும்.

பெரிய ஐயம் வேறு. ஒளிப்படக் கலைஞர் க்ளோயி ட்யூ மாத்யூஸின் 'ஷாட் அட் டான்' படத்தொகுப்பு நினைவிருக்கிறதா? முதல் உலகப்போரில் கோழைத்தனம், ஓடிப்போதல் என்று குற்றம்சாட்டித் தம் படையினராலேயே சுடப்பட்டவர்கள் இறந்த இடங்கள். தண்டனை நிறைவேறிய அதே பருவத்தில், கூடியவரை அதே வேளையில் போய் எடுத்திருக்கிறார். படத்தில் ஒரு வயல் விளிம்பு, பனிமூட்டம், மரங்கள். அங்கே நிலம் திரியவே இல்லை. நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு நம் பார்வைதான் மாறுகிறது. இதையும் 'திரிநிலம்' என்றால் சொல் நீர்த்துப்போகும்.

---

நியாயமான மறுப்பு அம்மா, ஏற்கிறேன். நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள், அதாவது பாடலின் அடிப்படைக் களம், என்று தொல்காப்பியம் வகுத்ததை மாத்யூஸின் படங்கள் நினைவூட்டுகின்றன. இடம் மட்டும் போதாது. பெரும்பொழுதும் (பருவம்) சிறுபொழுதும் (நாளின் வேளை) பொருந்தினால்தான் அவருக்குப் படம். அதற்கு 'நினைவுநில ஒளிப்படம்' என்று தனிப் பதிவு போடுவோம். நினைவுச்சின்னம் எழுப்பிய இடங்களை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே கல்லே சொல்லிவிடுகிறது.

கலைச்சொல் தொகுப்புக்கு இப்படி எழுதி அனுப்புகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

திரிநில ஒளிப்படம்: மனிதச் செயலால் இயல்பு மாறிய நிலத்தை, மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவது.

நினைவுநில ஒளிப்படம்: நிகழ்வின் தடயம் தெரியாத நிலத்தை, அந்நிகழ்வின் பெயரால் காட்டுவது. படத்தோடு வரும் குறிப்பும் இதன் பகுதி.