உதவி: ரிக்வெஸ்ட் பக்கத்தில் ஃபார் வருமா? அவசரம்

அவசர_மெயில்: ரிக்வெஸ்ட்டுக்குப் பின்னாடி ஃபார் போட்டா தப்பா? மெயில்ல அடிக்கோடு காட்டுது. அரை மணி நேரத்தில் அனுப்பணும். சீக்கிரம் சொல்லுங்க.

காவிரிக்கரை: முழு வாக்கியத்தைப் போடுங்க. பெயர்ச்சொல்லா வருதா, வினைச்சொல்லா வருதான்னு பார்க்காம சொல்ல முடியாது.

நெல்லைக்காரி: மொழி அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும். பிரிட்டிஷுக்கு மாத்துங்க, கோடு போயிடும்.

திண்ணை_வாத்தியார்: இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாச்சு. தேடிட்டுக் கேட்கப் பழகுங்க. பெயர்னா ஃபார் உண்டு, வினைன்னா கிடையாது.

காவிரிக்கரை: @நெல்லைக்காரி, இதில் ரெண்டு ஆங்கிலத்துக்கும் ஒரே விதிதான். கோடு சிவப்பா நீலமா? வேர்டில் சிவப்பு எழுத்துப்பிழைக்கு, நீலம் இலக்கணத்துக்கு.

அவசர_மெயில்: நீலம். "வீ ரிக்வெஸ்ட் ஃபார் ஆன் எக்ஸ்டென்ஷன் ஆஃப் டென் டேஸ்."

காவிரிக்கரை: இங்கே அது வினை. கேட்கிற பொருள் நேரா ஒட்டி வரணும்: "வீ ரிக்வெஸ்ட் ஆன் எக்ஸ்டென்ஷன் ஆஃப் டென் டேஸ்." ஃபார் வேணும்னா பெயராக்குங்க: "திஸ் இஸ் எ ரிக்வெஸ்ட் ஃபார் ஆன் எக்ஸ்டென்ஷன்." முன்னாடி எ, மை, யுவர் இருந்தா பெயர், ஐ, வீ இருந்தா வினை. டிமாண்டும் இப்படித்தான். ஆஸ்க் மட்டும் வினையாவே ஃபார் எடுக்கும். அந்தப் பழக்கம்தான் இங்கேயும் ஒட்டிக்குது.

மாடித்தோட்டம்: "ரிக்வெஸ்ட் யூ டு எக்ஸ்டெண்ட் தி டேட்"னு எழுதினா தொல்லையே இல்லையே?

திண்ணை_வாத்தியார்: அது நம்ம ஊர் ஆபீஸ் ஆங்கிலம். ஆளைச் சொல்லி டு போடுறதே தப்பு.

காவிரிக்கரை: தப்பில்லை. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே அந்த அமைப்பு இருக்கு. "விசிட்டர்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் நாட் டு டச்" எந்த நாட்டிலும் செல்லும். எழுவாயை விட்டுட்டு ரிக்வெஸ்ட்டில் தொடங்குறதுதான் நம்ம வழக்கம். முன்னாடி ஐ, வீ சேர்த்தா சரியாயிடும்.

திண்ணை_வாத்தியார்: அகராதியில் இருக்கலாம். நேரா ஒருத்தரைப் பார்த்துச் சொன்னா உத்தரவு மாதிரி விறைப்பா இருக்கும். "குட் யூ ப்ளீஸ் எக்ஸ்டெண்ட்" போதும்.

காவிரிக்கரை: விறைப்புன்னா ஒத்துக்கறேன். தப்புன்னு சொன்னதைத்தான் மறுத்தேன்.

நெல்லைக்காரி: ரெக்கார்ட் மாதிரி இதுக்கும் பெயரா வரும்போது முதல் அசையில் அழுத்தமா?

காவிரிக்கரை: இல்லை. ரிக்வெஸ்ட் பெயரா வந்தாலும் வினையா வந்தாலும் அழுத்தம் "க்வெஸ்ட்"லதான்.

அவசர_மெயில்: ஃபாரை எடுத்தேன், கோடு போச்சு. அனுப்பிட்டேன். நன்றி.

மாடித்தோட்டம்: அப்போ டிஸ்கஸ் அபௌட்?

காவிரிக்கரை: அதே கணக்கு. டிஸ்கஷனுக்கு அபௌட் உண்டு, டிஸ்கஸுக்குக் கிடையாது.