வயிற்றில் இருக்கும்போது என்ன குளிசை எடுத்தனீங்கள் என்று உங்களிடமும் கேட்டார்களா?

வெள்ளவத்தை அம்மா:

இதை எழுதாவிட்டால் இன்றைக்கும் நித்திரை வராது. மகனுக்கு நாலரை வயது. சொல்வதெல்லாம் விளங்கும், கதைக்கத்தான் வராது. 'தண்ணி' என்று சொல்லப் போனால் ஒரு தரம் 'நன்னி', அடுத்த தரம் 'தான்னு', மூன்றாம் தரம் வாய் மட்டும் அசையும், சத்தம் இருக்காது. அப்ராக்சியா என்று எழுதித் தந்திருக்கிறார்கள், சொல்ல நினைத்த சொல்லுக்கு வாயையும் நாக்கையும் சரியாக அசைக்க மூளையால் ஏவ முடியாத பேச்சுக் குறைபாடு. கதைக்கப் பிந்திய பிள்ளைகளின் பெற்றோர்தான் இங்கே எழுதுகிறீர்கள், அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் மாதத்தில் எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். டெங்குக் காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும்தான், புரூஃபன், அஸ்பிரின் போட்டால் இரத்தப்போக்கு வரும் என்று கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு மணித்தியாலத்துக்கு இரண்டு குளிசை.

போன 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பனடோலையும் ஓட்டிசத்தையும் சேர்த்துக் கதைத்தாரே, அடுத்த நாளே கனடாவில் இருக்கிற மச்சாள் அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரே வரி: "நீரும் அந்த நேரம் கனக்கப் போட்டனீர் என்ன?" பதினேழு பேர் இருக்கிற குழு. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. இவர் எனக்கு முன்னால் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போனும் அடித்தது. எடுத்துப் பார்த்தார், மேசையில் கவிழ்த்து வைத்தார், சொதியை ஊற்றிக்கொண்டார்.

அந்தப் போனைக் கவிழ்த்து வைத்ததுதான். மச்சாள் எழுதியதைக் கூட மறந்துவிடுவேன். அன்று இரவு அலுமாரியில் இருந்த கிளினிக் அட்டையையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் எடுத்து வைத்து எண்ணினேன். காய்ச்சல் இருந்தது நாலு நாள். 32 குளிசை.

கொட்டாஞ்சேனை அப்பா:

தங்கச்சி, நான் உங்கள் மச்சாளின் இடத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். மகளுக்கு மூன்று வயதும் எட்டு மாதமும் ஆனபோது பொரளையில் டொக்டரைப் பார்த்துவிட்டு த்ரீவீலில் திரும்பி வந்தோம். டொக்டர் வழமையாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டிருந்தார், கர்ப்ப காலத்தில் ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று. மனைவி இல்லை என்றார். மருதானையில் சிக்னலில் நிற்கும்போது நான் திரும்பவும் கேட்டேன், "உண்மையாகவே ஒன்றும் எடுக்கவில்லையா?"

அவர் வெளியே பார்த்தபடியே ஒப்புவிக்கத் தொடங்கினார். ஃபோலிக் அசிட், இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், விற்றமின் சி, திரிபோஷ சத்துமா. பாடம் சொல்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக. கடைசியில், "ஒருநாள் நெஞ்செரிவுக்கு ஒரு கரண்டி மருந்து குடிச்சனான். அதுவோ?" என்றார். வீடு வரும்வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது ஐந்து வருடம். அந்த "அதுவோ?" என் காதைவிட்டுப் போகவில்லை.

பிறகுதான் என் அம்மா சொன்னார், என் அப்பா ஐந்து வயதுவரைக்கும் கதைக்கவில்லையாம், பெரியப்பாவின் மகனும் அப்படித்தானாம். அதை எங்களிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையில் பாதிப்பேருக்கு இதே பிரச்சினை இருந்து, 2001இல் அதற்கான மரபணுவையே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஃபாக்ஸ்பி2 என்று பெயர். எங்கள் வீட்டிலும் அதுதான் என்று சொல்லவில்லை, எல்லாப் பிள்ளைக்கும் அந்த மரபணு காரணம் இல்லை. ஆனால் இது இரத்தத்தில் வருகிற விஷயம், குளிசைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தெமட்டகொட உம்மா:

நானா, மன்னியுங்கள். உங்கள் கடைசி வரியை என்னால் கடந்து போக முடியவில்லை. என் மகனுக்குக் காரணம் குளிசைதான் என்றுதான் நரம்பு டொக்டர் சொன்னார்.

எனக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. சோடியம் வல்ப்ரோயேட் எடுத்தேன், கலியாணத்துக்கு முன்னும், பின்னும், மகன் வயிற்றில் இருந்த பத்து மாதமும். மாதா மாதம் கிளினிக்கில் துண்டைக் காட்டினால் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை.

மகனுக்கு மூன்று வயதாகும்போது லண்டனில் இருக்கிற ராத்தாவின் மாமிக்கும் அதே மருந்து எழுதினார்கள் என்று ராத்தா பெட்டியைப் படம் பிடித்து அனுப்பினா. பெட்டியின் மேலே பெரிய வயிற்றோடு ஒரு பெண்ணின் படம், அதற்குக் குறுக்கே ஒரு கோடு. நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் உறையில் 'காலை 1 இரவு 1' என்று பேனையால் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

இது வதந்தி இல்லை. வல்ப்ரோயேட் எடுத்த தாய்மாரின் 100 பிள்ளைகளில் கிட்டத்தட்ட 10 பேருக்குப் பிறவிக் குறை, 30 முதல் 40 பேருக்கு நடக்க, கதைக்க, படிக்கப் பிந்துவது என்று பிரித்தானிய அரசே எச்சரிக்கிறது. 2018இலிருந்து அங்கே, கர்ப்பம் தரிக்காமல் இருக்கத் திட்டம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அந்த வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. ஒரு குளிசையும் ஒன்றும் செய்யாது என்று நீங்கள் எழுதினால், இப்போது அதை எடுத்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை இதை வாசித்துவிட்டுக் கிளினிக்கில் கேட்காமலே விட்டுவிடும். அது எனக்குப் பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயந்துபோய் நீங்களாக நிறுத்தவும் கூடாது. வலிப்பு வந்து விழுந்தால் தாயும் பிள்ளையும் போகலாம். இரண்டாவது பிள்ளைக்கு முன்னாலேயே டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து லமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றினார், அதற்கே பல மாதம் எடுத்தது. மகள் இப்போது வாய் ஓயாமல் கதைக்கிறாள். அவள் கதைக்கும்போது மகன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவும் வேண்டும், அழவும் வேண்டும்.

தெஹிவளை அம்மம்மா:

பிள்ளைகள் எல்லாரும் மனதைப் போட்டு வருத்துகிறீர்கள். என் பேரனும் மூன்றரை வயதுவரைக்கும் 'அம்மா' தவிர ஒன்றும் சொல்லவில்லை. கோயில் தேரன்று சனத்துக்குள் கை விட்டுப் போய்விட்டது, பெயர் கேட்டவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறான். ஒரு பொலிஸ்காரர் தூக்கி வைத்திருந்தார். இப்போது ஏழு வயது, நன்றாகக் கதைக்கிறான்.

நான் சொல்வதைக் கேளுங்கள். முதலாவது, வீட்டில் ஒரு பாஷை மட்டும் கதையுங்கள். அப்பா இங்கிலீஷ், வேலைக்கு வருகிற பிள்ளை சிங்களம், நாங்கள் தமிழ், பிள்ளை எதைப் பிடிப்பது? நேசரியையும் தமிழ் நேசரியாகப் பாருங்கள். இரண்டாவது, போனையும் டிவியையும் முழுதாக நிற்பாட்டுங்கள், சாப்பாடு கொடுக்கும்போது கதை சொல்லிக் கொடுங்கள், காகம் காட்டுங்கள், கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரயிலைக் காட்டிப் பெயர் சொல்லுங்கள். மூன்றாவது, வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவுங்கள், எங்கள் அம்மா எங்கள் எல்லாருக்கும் தடவினவர், நாங்கள் ஆறு பேரும் கதைத்தோம். நாக்குக்குக் கீழே நாக்கைக் கட்டிப் பிடிக்கிற பின்னல் இருக்கிறதா என்றும் ஒருக்கால் பார்ப்பியுங்கள். அப்புறம், காதையும் சோதியுங்கள். ஆண் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான், ஐந்து வயதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவசரப்பட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையத் தேவையில்லை. யார் என்ன கேட்டாலும் சிரித்துவிட்டுப் போங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

அம்மம்மா, உங்கள் அக்கறை விளங்குகிறது. காதைச் சோதிக்கச் சொன்னீர்களே, அதை முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். மற்றதில் மூன்றை மறுக்காமல் விட முடியாது.

நாங்களும் "பார்த்துக்கொண்டிருந்தோம்". ஏழாம் மாதம் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து ஐந்து நாள் ஊசி போட்டார்கள், அந்த ஊசிதான் காரணம் என்று மாமி முடிவு கட்டிவிட்டார், நானும் நம்பிவிட்டேன். நம்பியதால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு வருடம் போய்விட்டது. கடைசியில் கேட்டல் சோதனை. கண்ணாடி அறைக்குள் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் இருக்கிறேன், பக்கத்துப் பெட்டியிலிருந்து சத்தம் வருகிறது, எனக்குக் கேட்கிறது, அவள் பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சத்தத்தைக் கூட்டுகிறார்கள். திரும்பவில்லை. இன்னும் கூட்டுகிறார்கள். எனக்கு நெஞ்சு அடிக்கிறது, அவள் திரும்பவில்லை. செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருந்தது. ஊசி இல்லை, ஒன்றும் இல்லை.

இனி வசம்பு. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் தசையையே செயலிழக்க வைக்கலாம். வசம்பில் அசரோன் என்று ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. உங்கள் ஆறு பேரும் கதைத்தது வசம்பால் இல்லை, கதைக்க இருந்தபடியால் கதைத்தீர்கள். இரண்டு மூன்று பாஷை கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது, அப்படி வருவதென்றால் பல பாஷை புழங்குகிற கொம்பனித்தெருவில் ஒரு பிள்ளையும் கதைக்காது. தமிழை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி அப்பாவின் வாயைக் கட்டினால் பிள்ளைக்கு ஓர் ஆள் குறைந்துவிடும். ஐந்து வயதுவரைக்கும் பொறுக்கலாம் என்பதுதான் எனக்கு ஆகவும் கோபம். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டாலே காட்ட வேண்டும். அப்ராக்சியா என்றால் வாரத்தில் மூன்று தரமாவது பயிற்சி வேண்டும், காத்திருந்து சரிவருகிற விஷயம் இல்லை அது. காசும் தூரமும் தெரியும். ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அயட்டி நிலையம் இருக்கிறது, பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது, பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள், பதியாமல் காத்திருக்காதீர்கள்.

மட்டக்குளி:

நான் குளிசை எடுத்தவள் இல்லை. எடுக்காமல் விட்டவள். தைரொயிட் குறைவுக்கு தைரொக்சின் தந்திருந்தார்கள். மாதமானது தெரிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "கர்ப்பத்தில் ஒரு மருந்தும் கூடாது, பிள்ளை ஊனமாகும்" என்றார். நிறுத்திவிட்டேன். கிளினிக்கில் போடுகிறேன் என்று பொய் சொன்னேன். பதினோராம் கிழமை மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடிக்கக் கேட்டு, குசினியில் கோப்பை எடுக்கப் போன இடத்தில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் உடைக்காத குளிசை அட்டைகளைக் கண்டார். ஏசவில்லை. அட்டையை எடுத்து ஒவ்வொரு குமிழாகத் தடவிப் பார்த்துவிட்டு, "மகள், முதல் மூன்று மாதமும் பிள்ளை உங்களுடைய தைரொயிட்டில்தான் வளருது" என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்.

மகன் இரண்டே முக்கால் வயதுவரைக்கும் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறான், சில எழுத்து வராது. அதனாலா இல்லையா என்று ஒரு டொக்டராலும் சொல்ல முடியவில்லை. நான்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை அம்மா:

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். மட்டக்குளித் தங்கச்சி, உங்களுடையதை மூன்று தரம்.

வியாழன் கிளினிக்கில் நானே கேட்டுவிட்டேன். 32 என்று எழுதின துண்டையும் கொண்டுபோனேன். டொக்டர் அதை வாசித்துவிட்டு, "டெங்குவில் அந்தக் காய்ச்சலைக் குறைக்காமல் விட்டிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்" என்றார். சுவீடனில் 1995 தொடக்கம் 2019 வரை பிறந்த கிட்டத்தட்ட 25 இலட்சம் பிள்ளைகளைப் பார்த்து 2024இல் வெளியிட்டிருக்கிறார்களாம். ஒரே தாயின் பிள்ளைகளில் பனடோல் எடுத்த கர்ப்பத்தையும் எடுக்காத கர்ப்பத்தையும் ஒப்பிட்டபோது ஓட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. அப்ராக்சியா அதில் இல்லை, அதையும் மறைக்காமல் சொன்னார். மகனுக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்று ஒருவர் நேரே சொன்னது எனக்கு நல்லதாக இருந்தது.

இவரிடமும் கேட்டேன், ஏன் போனைக் கவிழ்த்து வைத்தீர்கள் என்று. "அக்காவுக்கு என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை" என்றார். எனக்கு அது போதவில்லை, சொல்லிவிட்டேன். நேற்று இரவு அவரே குழுவில், "டெங்குவுக்கு டொக்டர்மார் கொடுத்தது அது, இனி இதை இங்கே கதைக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். மச்சாள் இன்னும் பதில் போடவில்லை.

ஸ்பீச் தெரபி மிஸ், பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிற ஐந்து சொல் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். தண்ணி, வேணாம், அப்பா, கூ என்று ரயிலுக்கு ஒன்று. ஐந்தாவதாக அவனுடைய பெயரை எழுதியிருக்கிறோம், அதில் 'ர' வருகிறது, இப்போதே தொடங்கலாமா என்று திங்கட்கிழமை கேட்க வேண்டும்.