லெஸ்லியைத் திட்டிய இரவு: ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ படித்தவர்கள் வாருங்கள்

வார்டு_விளக்கு:

நான்காவது புத்தகம் வரை வராதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். முடிவைச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது.

பென் ஆரோனோவிச்சின் இந்த நாவல் தொடரில் மந்திரம் கற்கும் லண்டன் போலீஸ்காரன் பீட்டர் கிராண்ட் யார், அவனுக்குக் கற்றுத்தரும் நைட்டிங்கேல் யார், ரஸ்ஸல் சதுக்கத்தில் அவர்கள் இருக்கும் மந்திரக் காவல் பிரிவான ஃபாலி என்ன என்பதெல்லாம் இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். பீட்டரின் சக போலீஸ்காரி, முதல் புத்தகத்தில் முகம் சிதைந்து முகமூடியோடு வாழும் லெஸ்லி மே பற்றித்தான் பேச வேண்டும். நான்காவது புத்தகமான ‘புரோக்கன் ஹோம்ஸ்’ கடைசியில், ஸ்கைகார்டன் அடுக்குமாடி இடிந்து விழுந்த பிறகு, கொலைகார மந்திரவாதியான முகமற்ற மனிதன் பீட்டரின் பிடியில் இருக்கும்போது பின்னாலிருந்து டேசர் மின்துப்பாக்கியால் பீட்டரையே சுட்டாளே, அந்த லெஸ்லி.

நான் தீக்காயப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நள்ளிரவு. வார்டு அடங்கிவிட்டது. மேசையில் அந்தப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மருந்து கொடுக்கப் போனேன். கடைசிப் படுக்கையில் இருந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை. சமையல் எண்ணெய் முகத்தில் தெறித்து ஏற்கெனவே பலமுறை அறுவை நடந்தவர், அடுத்ததற்காக வந்திருந்தார். தழும்பு தடித்து மேலெழாமல் இருக்க முகத்தை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக் முகமூடியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளில் 23 மணி நேரம் வரை போட்டிருக்கச் சொல்வார்கள். சாப்பிட, குளிக்க, துடைக்கக் கழற்றலாம்.

“என்ன படிக்கிறாய்?” என்றார். சொன்னேன். அவரும் அதைப் படித்தவர். “எந்த இடத்தில் இருக்கிறாய்?” “இப்போதுதான் முடித்தேன்” என்று சொல்லிவிட்டு, இருந்த கோபத்தில் மடமடவென்று கொட்டினேன். கூடவே இருந்து கழுத்தறுத்தவள், சோறு போட்ட வீட்டுக்குத் துரோகம் செய்தவள், அதுவும் எதற்காக, திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு முகத்துக்காக.

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைக்குப் பின்னால் கையை விட்டு வாரை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முகமூடியை மடியில் வைத்து, உள்பக்கம் முத்து முத்தாக நின்ற வியர்வையை டிஷ்யூவால் துடைத்தார். மூக்குப் பள்ளத்தில் விரலை விட்டுத் துடைத்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டி, “கொஞ்சம் பிடித்துக்கொள்கிறாயா?” என்றார். பிடித்துக்கொண்டேன். கையில் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு தொடரை முதலிலிருந்து இரண்டு முறை படித்துவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு இடம் மாட்டிக்கொண்டு நிற்கிறதா?

அறுபத்துமூன்றாம்_எண்:

அக்கா, லெஸ்லியைப் பற்றி எனக்கு அவ்வளவு தெளிவில்லை. என் கதை வேறு.

நான் லண்டனில் பேருந்து ஓட்டுகிறேன். பல வருடம் 63ஆம் எண். கிங்ஸ் கிராஸில் எடுத்து ஃபாரிங்டன் ரோடு வழியாக இறங்கி, பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் தாண்டி, எலிஃபன்ட் அண்ட் காஸல் போய், பெக்கம் பக்கம் ஓனர் ஓக் வரைக்கும். அந்தப் பாதையில் ஒரு குழி விடாமல் தெரியும். ஆனால் என் சக்கரத்துக்குக் கீழே ஒரு ஆறு ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இந்தப் புத்தகங்களில் லண்டன் ஆறுகளே மனித உருவில் நடமாடுகின்றனவே, அதில் ஃப்ளீட் என்று ஒரு பெண் வருகிறாளே, தேம்ஸ் அம்மாவின் மகள், அவளைப் பற்றித் தேடியபோதுதான் தெரிந்தது. ஹாம்ஸ்டெட் மேட்டில் பிறந்து, கிங்ஸ் கிராஸ் வழியாக வந்து, ஃபாரிங்டன் பள்ளத்தோடு இறங்கி, பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு அடியில் தேம்ஸில் விழுகிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே கீழ்ப்பகுதியை மூடிவிட்டார்கள். இன்று அது சாக்கடைக் குழாய்.

கிளெர்க்கன்வெல்லில் ரே ஸ்ட்ரீட் என்று ஒரு சின்னத் தெரு. அங்கே ஒரு பப் வாசலில், தார் ரோட்டில் பதித்த இரும்புக் கம்பி மூடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, சீருடையோடு, சாலையில் முழங்கால் போட்டுக் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு வேன் தாண்டிப் போனதும், கீழே இரைச்சல். சொட்டுகிற சத்தம் இல்லை, மழைக்காலத்து மதகில் தண்ணீர் விழுகிற மாதிரி ஒரு முழு இரைச்சல். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்று மாலை பணியில், அதே சரிவில் பிரேக் போட்டபோது கால் தானாக மெதுவாகவே அழுத்தியது. இன்னும் அப்படித்தான்.

ஏட்டு_மகன்:

முதல் பதிவைப் படித்து மனது கனத்தது, உண்மை. ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அப்பா தலைமைக் காவலர். இரவு ரோந்துக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கேட்டேன், அத்தனை வருடத்தில் எதற்காவது பயந்தீர்களா என்று. “இருட்டுக்குப் பயந்ததில்லை, முதுகுக்குத்தான் பயம். முதுகைக் கூட வருகிறவனிடம் கொடுத்துவிட்டுத்தான் முன்னால் நடப்போம்” என்றார். சொல்லும்போது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகை ஒருமுறை தொட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. லெஸ்லி சுட்டது சரியாக அந்த இடத்தில்.

அக்கா, நீங்கள் நோயாளியின் வலியையும் லெஸ்லியின் செயலையும் ஒன்றாகக் கட்டுகிறீர்கள். அந்த அம்மா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லையே. லெஸ்லி யாரிடம் போய்ச் சேர்ந்தாள்? ஆட்களைக் கொன்றவனிடம். முகம் போனது அவள் குற்றமில்லை, மிஸ்டர் பஞ்ச் என்ற ஆவி அவளுக்குள் புகுந்து செய்த வேலை. அதில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஃபாலி அவளைக் கைவிடவில்லை. நைட்டிங்கேல் அவளுக்கும் வித்தை கற்றுக்கொடுத்தார், ஃபாலியின் மருத்துவர் டாக்டர் வாலித் கூடவே இருந்தார்.

இன்னொன்று. முதல் புத்தகத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொவென்ட் கார்டனில், குளிர் நடுங்கும் ஜனவரி இரவில், கொலை நடந்த இடத்துக்கு இருவரும் காவல். லெஸ்லி காபி வாங்கப் போகிறாள். அந்த இடைவெளியில்தான் பீட்டர் முன்னால் ஆவி வந்து சாட்சி சொல்கிறது. பீட்டர் காபி வாங்கப் போயிருந்தால்? எல்லாவற்றிலும் கெட்டிக்காரி அவள்தான், கொலைப் புலனாய்வுக்குப் போக வேண்டியவளும் அவள்தான். பீட்டருக்கு எழுதி வைத்திருந்தது காகித வேலை. அந்த ஒரு காபியை ஆசிரியர் எங்குமே தீர்த்து வைக்கவில்லை. இதுதான் என் மனக்குறை, அவள் மேல் இருக்கும் கோபத்தை விடப் பெரியது.

ஒலிநாடா:

வணக்கம். என் அனுபவம் சிறியது: ஐந்தாவது புத்தகத்தைக் காதில் கேட்டுக்கொண்டே துணி காயப்போட்டேன், லெஸ்லியிடமிருந்து பீட்டருக்குக் குறுஞ்செய்தி வரும் இடத்தில் கையிலிருந்த கிளிப்பெல்லாம் கீழே கொட்டிவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கே படிப்பார்கள் என்பதால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், பலர் தப்பாகப் படித்துவிட்டுக் குழம்புகிறார்கள். 2011இல் வந்த முதல் புத்தகத்திலேயே தொடங்குங்கள். அமெரிக்கப் பதிப்புக்கு ‘மிட்நைட் ரயட்’ என்று பெயர். அதைத் தனிப் புத்தகம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். அதே ஆண்டு ‘மூன் ஓவர் சோஹோ’, அடுத்து ‘விஸ்பர்ஸ் அண்டர் கிரவுண்ட்’, அடுத்து ‘புரோக்கன் ஹோம்ஸ்’. இந்த நான்கையும் இடையில் வேறு எதுவும் படிக்காமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பிறகு ‘பாடி ஒர்க்’ காமிக்ஸ். காமிக்ஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள், அது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நடக்கிறது.

ஐந்தாவது ‘ஃபாக்ஸ்குளோவ் சம்மர்’. பீட்டர் லண்டனை விட்டு ஹியர்ஃபர்ட்ஷயர் கிராமத்துக்குப் போய்விடுவான். அதே கோடையில் லண்டனில் என்ன நடந்தது என்பதுதான் பீட்டரின் உறவுக்காரச் சிறுமி அபிகெயிலின் தனிக் கதை, 2021இல் வந்தது. பேசும் நரிகள் அதில்தான் அதிகம். ‘ஹேங்கிங் ட்ரீ’க்குப் பிறகு வெளிவந்தது ‘ஃபர்தஸ்ட் ஸ்டேஷன்’ குறுநாவல், பிறகு ‘லைஸ் ஸ்லீப்பிங்’. ஜெர்மனியின் டிரியர் நகரில் நடக்கும் ‘அக்டோபர் மேன்’ எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

முடிந்தால் ஒலிப்புத்தகமாகக் கேளுங்கள். கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித் படிக்கிறார். பீட்டரின் சியரா லியோன் அம்மாவுக்கு ஒரு குரல், நைட்டிங்கேலுக்கு ஒரு குரல், ஸ்காட்லாந்து வாசனையோடு டாக்டர் வாலித்துக்கு ஒரு குரல். பெயர் சொல்லாமலே யார் பேசுகிறார்கள் என்று தெரியும். காதில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்காதீர்கள்.

வாப்பிங்_மகள்:

ஒலிநாடா அண்ணா, வரிசை யாரும் கேட்கவில்லையே. பரவாயில்லை, அபிகெயில் பற்றிச் சொன்னதற்கு நன்றி.

எனக்கு மாட்டிக்கொண்ட இடம் தேம்ஸ் அம்மாவின் வீடு. பீட்டர் முதன்முதலாக வாப்பிங்குக்கு அவளைப் பார்க்கப் போகிறான். உள்ளே போனால் எதையும் சாப்பிடாதே, குடிக்காதே என்பது நைட்டிங்கேலின் எச்சரிக்கை. சாப்பிட்டால் அவளுக்குக் கடன்பட்டவன் ஆகிவிடுவான்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும், எங்களுக்கு வேண்டாத ஒரு வீட்டுக்கு ஏதோ பேச்சுவார்த்தைக்குப் போனோம். வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்து, “அங்கே கை நனைக்கக் கூடாது, தண்ணிகூட வேண்டாம் என்று சொல்ல வேணும்” என்றார். மேசையில் கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட் தட்டு. அந்த வீட்டு அன்ரி மூன்று தடவை நீட்டினார். மூன்று தடவையும் வேண்டாம் என்றேன். எச்சில் ஊறியது. பேச்சு எப்படி முடிந்தது என்று ஞாபகமில்லை, பிஸ்கட்டின் நடுவில் இருந்த அந்த மஞ்சள் கோடு ஞாபகம் இருக்கிறது.

கை நனைத்தால் உறவு, நனைக்காவிட்டால் பகை இன்னும் முடியவில்லை. இதை ஒரு லண்டன் போலீஸ்காரக் கதையில் படிப்பேன் என்று நினைத்ததில்லை. தேம்ஸ் அம்மாவும் அப்படி வந்தவள்தானே. நைஜீரியாவிலிருந்து செவிலியர் படிக்க வந்து, மனம் உடைந்து, ஆற்றில் குதித்தவள். 1858 கோடையில் ஆறு நாறியதோடு பழைய தேம்ஸ் அப்பா நகரத்தைக் கைவிட்டு டெடிங்டனுக்கு மேலே போய்விட்டார், காலியாகக் கிடந்த ஆறு அவளை ஏற்றுக்கொண்டது. யாரும் வேண்டாம் என்று விட்டதை வந்தேறி ஒருத்தி எடுத்து ஆண்டாள். எங்கள் அம்மாவுக்கு இதைத் தமிழில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை?” என்று மட்டும் கேட்டார்.

ஸ்காபரோ_வாசகன்:

ஏழாவது புத்தகத்தோடு, அதாவது 2018லேயே, முகமற்ற மனிதனின் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தொழில்நுட்பக் கம்பெனி, பிறகு 2025இல் அபர்டீன் என்று போகிறது. பீட்டர் கட்டடங்களைக் குறை சொல்லும் பக்கங்கள் எனக்கு அலுக்கவில்லை, ஆனால் வழக்கு நகர மறுக்கிறது. இதைச் சொன்னால் இங்கே சண்டைக்கு வருவார்கள், வாருங்கள்.

எனக்குள் நிற்பது இரண்டாவது புத்தகத்தில் வரும் காஸ்டர்புரூக். மூடிக் கிடக்கும் பழைய மந்திரப் பள்ளி. போரில், 1945இல் ஜெர்மனியின் எட்டர்ஸ்பர்க்கில் செத்துப்போன மந்திரவாதிகளின் பெயர்களை நைட்டிங்கேல் தன் கையாலேயே சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார். பீட்டர் அந்தச் சுவரைப் பார்க்கிறான். என்னிடமும் அப்படி ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. அது எந்தச் சுவரிலும் இல்லை. அந்த அத்தியாயத்தை ரயிலில் படித்தேன், இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கவில்லை. எட்டர்ஸ்பர்க் கதையை முழுதாக எழுத வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கும்போதெல்லாம், எழுத வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வார்டு_விளக்கு:

எல்லோருக்கும் நன்றி. ஏட்டு மகன் தம்பிக்கு ஒரு வார்த்தை.

நீங்கள் சொன்னதில் தப்பில்லை. கொலைகாரனிடம் போனாள், முதுகில் சுட்டாள். ஏழாவது புத்தகத்தில் அதே முகமற்ற மனிதனை, சோர்லியை, அவளே சுட்டுக் கொன்றதால் கணக்கு நேராகிவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் “ஃபாலி அவளைக் கைவிடவில்லை” என்றீர்கள். இதில்தான் எனக்குச் சந்தேகம். நாங்கள் வார்டில் எல்லாம் செய்கிறோம். மருந்து, கட்டு, உடற்பயிற்சி, ஆறுதல். காலையில் பணி முடிந்ததும் கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டு நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன். பீட்டர் நல்லவன்தான். ஆனால் அந்த ஏழு நாவல்களிலும் கதையைச் சொல்வது அவன்தான். முகமூடிக்குள் இருந்து லெஸ்லி எதைப் பார்த்தாள் என்று ஒரு பக்கம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் சொன்ன அந்தக் காபி மாதிரிதான் இதுவும்.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அன்று முகமூடியைத் திரும்பக் கொடுத்தபோது, “லெஸ்லியை மன்னித்துவிட்டீர்களா?” என்று கேட்டேன். “மன்னிக்கவில்லை. அந்தப் பையன் பாவம்” என்றார். வாரை மாட்டிக்கொண்டே, “ஆனால் யாராவது வந்து கேட்டிருந்தால் நானும் போயிருப்பேன்” என்றார்.

கடைசி வார் மட்டும் அவருக்கு எட்டவில்லை, நான்தான் மாட்டிவிட்டேன்.

வாப்பிங்_மகள்:

பேருந்து அண்ணா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரே ஸ்ட்ரீட் போக வேண்டும். எப்போது போனால் நன்றாகக் கேட்கும்?

அறுபத்துமூன்றாம்_எண்:

ஞாயிறு காலை வண்டி ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் போங்கள் தங்கச்சி, முந்தின இரவு மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. மூடி சாலை நடுவில் இருக்கிறது, ஒருவர் குனிந்தால் இன்னொருவர் நின்று வண்டி வருகிறதா பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் மடித்த துணி ஒன்று எடுத்துப் போங்கள், தார் குளிராக இருக்கும்.